பிரதமர் யார் என்று கேட்ட நாள்

1

நான் நர்ஸாக வேலை பார்க்கும் முதியோர் இல்லம் அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியும். தெரியும் என்று சொல்கிறேனே தவிர, வருடத்தில் பாதி நாள் மழையும் மூடுபனியும் அதை மறைத்துக்கொண்டிருக்கும்.

இங்கே இருப்பவர்கள் எல்லோருக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒரு சின்னப் பரீட்சை உண்டு. நினைவு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்கத்தான். உங்கள் வயது என்ன, இது எந்த வருடம், இந்த இடத்தின் பெயர் என்ன, இருபதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள் என்று பத்துக் கேள்விகள். அதில் ஒன்று, இப்போது பிரதமர் யார் என்பது. சரியாகச் சொன்னால் ஒன்று, தவறினால் பூஜ்யம்.

பிரதமரை இங்கே அவர்கள் மொழியில் ‘டீஷக்’ என்பார்கள். எழுத்தைக் கூட்டிப் படித்தால் அந்த உச்சரிப்பு வராது. வந்த புதிதில் நான் அதை எழுதியிருக்கிறபடியே படிக்க, எண்பது வயதுப் பாட்டி ஒருத்தி, “அப்படி யாரையும் எனக்குத் தெரியாது, கண்ணே” என்றாள். பூஜ்யம் போடவா, ஒன்று போடவா என்று தெரியாமல் நின்றேன். அலமாரிக்கு இங்கே பிரஸ் என்று பெயர். துணியைப் பிரஸ்ஸில் வை என்றபோது இஸ்திரிப் பெட்டியைத் தேடியவள் நான். இப்போது எட்டு வருடம் ஆகிவிட்டது. பிரஸ், டீஷக் எல்லாம் வாயில் தானாக வருகின்றன.

போன மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பாட்ரிக் என்ற ஓய்வுபெற்ற தபால்காரரிடம் இந்தக் கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பகல் பதினொரு மணி, அறையில் நாங்கள் இருவர் மட்டும். வயதைச் சரியாகச் சொன்னார், வருடத்தைத் தவறாகச் சொன்னார். “டீஷக் யார்?” என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

“உன்னோடு வந்திருக்கிறாரே, அவரைக் கேள். அவருக்குத் தெரியும்.”

திரும்பிப் பார்த்தேன். சாத்திய கதவும், அதில் தொங்கிய அவருடைய மழைக்கோட்டும்தான் இருந்தன.

“யாரைச் சொல்கிறீர்கள்?”

“நனைந்து போயிருக்கிறார், பாவம். ஒரு துண்டு கொடு.”

இந்த வேலையில் இதெல்லாம் சகஜம். இல்லாத மனைவியுடன் பேசுவார்கள், செத்துப்போன நாய்க்குச் சோறு வைப்பார்கள். அதற்கெல்லாம் நான் பயந்தது கிடையாது. அன்று மட்டும் மதிப்பெண் போடாமல் காகிதத்தை மடித்து வைத்தேன். அந்தக் கேள்வியை இதே மாதிரி ஒருவர் கேட்க, இதே மாதிரி ஒரு பார்வையை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

2

எங்கள் வீடு கொருக்குப்பேட்டையில், கூட்ஸ் வண்டிகள் நிற்கும் தண்டவாளத்தை ஒட்டிய தெருவில். நான் நர்ஸிங் முடித்ததும் முதலில் சேர்ந்தது டோல்கேட் பக்கம் ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில். இப்போது அது இல்லை. இடித்துவிட்டு ஜவுளிக்கடை கட்டிவிட்டார்கள். கீழே புறநோயாளிகள், மாடியில் மூன்று கட்டில் போட்ட ஒரு வார்டு. எண்ணூர், திருவொற்றியூர் கம்பெனிகளில் அடிபட்டவர்களை அங்கே கொண்டுவருவார்கள்.

தொண்ணூறுகளின் கடைசி. டில்லியில் ஆட்சிகள் வந்த வேகத்தில் போய்க்கொண்டிருந்த காலம். சலூனில் ஒரு பிரதமரின் காலண்டர் மாட்டி மூன்று மாதம் ஆகும் முன்பே அடுத்தவர் வந்துவிடுவார்.

அப்படி ஓர் ஆட்சி நாடாளுமன்றத்தில் நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்ற நாள் அது. பகல் பன்னிரண்டு மணிக்கு ஏழுமலை என்பவரை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். நாற்பது வயது இருக்கும். எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கி, விஷவாயு தாக்கி விழுந்துவிட்டார். இடுப்பில் கயிறு இருந்ததால் மேலே இழுத்துவிட்டார்கள். கூட வந்த சூப்பர்வைசர், “ஒரே ஆள்தான் உள்ள போனான். நல்லவேளை” என்று இரண்டு மூன்று முறை சொன்னான். யாரும் அவனைக் கேட்கவில்லை.

மூக்கில் ஆக்சிஜன் மாஸ்க், கையில் டிரிப்ஸ். ஏழுமலைக்கு நினைவு இல்லை. ஆனால் வலது கை விரல் மட்டும் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் தட்டிக்கொண்டே இருந்தது. மூன்று தட்டு, ஒரு நிறுத்தம். மறுபடி மூன்று. நரம்பு இழுப்பு என்று டாக்டர் சொன்னார். நான் அந்தக் கையைப் பிடித்து மெத்தையின் மேல் வைத்தேன். சிறிது நேரத்தில் அது மறுபடியும் சட்டத்தைத் தேடிப் போயிற்று.

மத்தியானம் மூன்றரை மணிக்குக் கீழே டீக்கடை ரேடியோவில் ஆட்சி போய்விட்டது என்று சொன்னார்கள். தெருவில் யாரோ ஒரு சரம் பட்டாசு கொளுத்தினார்கள். மாடியில் ரேடியோ கிடையாது.

3

சாயங்காலம் ஏழு மணிக்கு ஏழுமலை கண் திறந்தார்.

டாக்டர் நாகர்கோவில்காரர், இளைஞர், முதல் நாள் காலையிலிருந்து தூங்காதவர். கட்டில் பக்கத்தில் வந்து நின்று கேள்விகளை ஆரம்பித்தார். நான் பதில்களைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

பெயர் சொன்னார். இது ஆஸ்பத்திரி என்றார். கிழமையும் சரியாகச் சொன்னார்.

“இப்போ நம்ம பிரதமர் யார்?”

ஏழுமலை பக்கத்தில் காலியாக இருந்த கட்டிலைப் பார்த்தார். அங்கிருந்து யாரோ சொல்வதைக் கேட்பவர் போலத் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

“போய்ட்டாரு” என்றார். “ஆனா கீறாரு.”

“யாரு போயிட்டாரு?”

“பிரதமரு. மத்தியானமே போய்ட்டாரு. வேற ஆளு வர்ற வரிக்கும் இவுரே இருப்பாரு.”

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “யாராவது இவர்கிட்ட நியூஸ் சொன்னீங்களா?”

“இல்ல சார். பன்னெண்டு மணிலேர்ந்து மயக்கம்.”

“சரி, அவர் பேர் என்ன? பேரைச் சொல்லுங்க.”

ஏழுமலையின் மூச்சு வேகமாயிற்று. மாஸ்க்கைக் கையால் இழுக்கப் பார்த்தார். “டில்லி” என்றார். “டில்லி உள்ளயே கீறான். காலைல பத்து மணிக்கு என்னோட எறங்கனான். தொட்டிக்குள்ள. அந்தாண்ட ரூம்ல. வெளிய வரல.”

டாக்டர் சிரித்துவிட்டார். கெட்ட மனிதர் இல்லை, களைத்துப்போன மனிதரின் சிரிப்பு அது. “டில்லி தொட்டிக்குள்ள கிடக்காம் சிஸ்டர். இன்னைக்கு நிலைமைக்கு அதுவும் சரிதான்.”

நானும் சிரித்தேன். அதைச் சொல்லாமல் இதை எழுதிப் பயனில்லை.

ஆனால் ஒன்று மட்டும் கேட்டேன். “சார், அவர் பிரதமரைப் பத்திச் சொன்னது தப்பில்லையே. ராஜினாமா பண்ணியாச்சே.”

“ராஜினாமா கொடுத்தா மட்டும் பதவி போயிடாது சிஸ்டர். சபையோட நம்பிக்கை போச்சுன்னா அவர் ராஜினாமா கொடுக்கணும். ஜனாதிபதி அதை வாங்கிக்கிட்டு, வேற ஏற்பாடு ஆகிற வரைக்கும் நீங்களே பாத்துக்குங்கன்னு சொல்வார். காபந்து சர்க்கார்னு பேர். பெருசா எந்த முடிவும் எடுக்க முடியாது, ஆனா பிரதமர் அவர்தான். அந்த நாற்காலி ஒரு நிமிஷம்கூட காலியா இருக்கக் கூடாது. நம்ம கேள்வி, பேர் என்ன. பேர் வரலை. பூஜ்யம் போடுங்க.”

பூஜ்யம் போட்டேன். கீழே ஆங்கிலத்தில், ‘தன்னிலை தெரியவில்லை. காலை பத்து மணிக்கு டில்லி தன்னோடு இறங்கியதாகவும் இன்னும் தொட்டிக்குள் இருப்பதாகவும் நோயாளி சொல்கிறார். நேரம் 7.10’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நாகர்கோவில்காரருக்குத் தெரிய நியாயமில்லை. எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் டில்லி என்பது ஆம்பிளைப் பெயர். எங்கள் தெருவிலேயே இரண்டு டில்லிபாபு இருந்தார்கள். ஒருவன் என்னோடு ஐந்தாவது வரை படித்தவன். அதுவும் போகட்டும். ஊரைச் சொல்வதென்றால், ‘இருக்கிறது’ என்பது எங்கள் பேச்சில் ‘கீது’ என்றுதான் வரும். அவர் சொன்னது ‘கீறான்’. அந்த வார்த்தை என் காதில் தெளிவாக விழுந்தது. ஆங்கிலத்தில் எழுதும்போது ஊருக்கும் ஆளுக்கும் ஒரே வினைதான். கை எழுதிக்கொண்டே போயிற்று, நான் யோசிக்கவில்லை.

டாக்டர் போன பிறகு ஏழுமலை காலிக் கட்டிலைப் பார்த்துக் கண்ணீர் விட்டார். “தண்ணி சொட்டுது பாரு சிஸ்டர், அவன் மேலருந்து. துணி எதுனா குடு” என்றார். அந்தக் கட்டிலின் கீழே தரை ஈரமாகத்தான் இருந்தது. ஆயா சாயங்காலம் துடைத்திருப்பாள். அப்படித்தான் நினைத்துக்கொண்டு அவருக்குத் தூக்க ஊசி போட்டேன். அவர் தூங்கிய பிறகும் விரல் சட்டத்தில் தட்டிக்கொண்டிருந்தது.

4

மூன்றாம் நாள் காலை, நின்றுபோன வேலையை முடிக்க இறங்கியவர்கள் அந்தத் தொட்டியின் இரண்டாவது அறையிலிருந்து டில்லிபாபு என்ற ஒப்பந்தத் தொழிலாளியின் உடலை எடுத்தார்கள். வயது முப்பத்தொன்று. வள்ளூரிலிருந்து வேலைக்கு வந்தவன். கம்பெனி பதிவேட்டில் அவன் பெயர் இல்லை. அந்த அறையில் சிறிது காற்று இருந்திருக்கிறது. உடலை அறுத்துப் பார்த்தவர்கள், அவன் இறந்து பத்து மணி நேரம்கூட ஆகவில்லை என்று சொன்னதாக ஆயா வந்து சொன்னாள்.

நான் கணக்குப் போட்டேன். நான் பூஜ்யம் போட்ட நேரத்திலும், அதற்கு மறுநாள் முழுவதும், அவன் உயிரோடு இருந்திருக்கிறான்.

ஐந்தாம் நாள் ஏழுமலை எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். டில்லி இறந்ததை அவரிடம் சொல்லியிருந்தார்கள். விரல் தட்டுவது நின்றுவிட்டது. அது என்ன என்று கேட்டேன்.

“உள்ள எறங்கனா பேச்சு கேக்காது சிஸ்டர். குழாய்ல மூணு தட்டு தட்டுவோம். நான் கீறேன், நீ கீறியான்னு அர்த்தம். அவன் தட்டுனா நான் தட்டணும்.”

“ஆட்சி போனது உங்களுக்கு யாரு சொன்னது?”

அவர் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். “டில்லிதான் சொன்னான். அவனுக்குப் பேப்பரு படிக்காம விடியாது. தினம் எனக்கு அரசியலு சொல்லிக்கினேதான் வேலை செய்வான்.”

அவர் இறங்கும்போது ஆட்சி கவிழ்ந்திருக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. நானும் ஆயாவும் அவர் கட்டில் பக்கத்தில் நின்று அதைப் பேசியிருக்கலாம். மயக்கத்தில் இருப்பவர்களுக்குக் காது கேட்கும் என்று அயர்லாந்து வந்த பிறகு ஒரு பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். நாங்கள் அப்படிப் பேசினோமா என்று நூறு முறை யோசித்திருக்கிறேன். பேசியதாக ஞாபகம் இல்லை.

யாரிடமும் எதையும் சொல்லாமல் அடுத்த வருடமே சவூதிக்குப் போனேன். அங்கிருந்து அயர்லாந்து. கல்யாணம், குழந்தை. வருடத்துக்கு ஒரு முறை போலீஸ் நிலையத்தில் வரிசையில் நின்று தங்கும் அட்டையைப் புதுப்பிப்பது. ‘குடும்பப் பெயர்’ என்ற கட்டத்தில் அப்பா பெயரை எழுதி, ஆறு மாதம் அப்பா பெயராலேயே கடிதங்கள் வந்தது. குடியுரிமை மனுவுக்காக இந்த நாட்டு அரசியல் சட்டத்தைப் புரட்டியபோது, அதிலும் அதே ஏற்பாடு. குடியரசுத் தலைவர் இருப்பார், ஆட்சி பிரதமர் கையில். சபையின் பெரும்பான்மை இல்லை என்றால் ராஜினாமா. அடுத்தவர் நியமிக்கப்படும் வரை அவரே வேலையைத் தொடர்வார். அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன்.

பாட்ரிக்கிடம் பரீட்சை நடத்திய அந்தச் செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்தால், என் மகள் திவ்யா சாப்பாட்டு மேஜையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். எட்டு வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில்தான் பதில் வரும். அன்று அதிசயமாகத் தமிழிலேயே கேட்டாள்.

“அம்மா, உங்க நாட்டுல பிரதமர் எப்படி வேலையில இருப்பார்? மக்கள் நேரா ஓட்டுப் போடுவாங்களா?”

‘உங்க நாடு’ என்றது சுருக்கென்றது. “இல்லடி. மக்கள் எம்.பி.க்குப் போடுவாங்க. எம்.பி.க்கள்ல பாதிக்கு மேல யாரை நம்புறாங்களோ அவர் பிரதமர்.”

“நம்பலைன்னா?”

“இருக்க முடியாது.”

“அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தாலுமா?”

நான் அவள் நோட்டை மூடினேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அப்பாவைக் கேட்டுக்கொள்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொல்லி எழுந்து போனாள். அந்த வாரமே லீவு கேட்டு எழுதினேன்.

5

கொருக்குப்பேட்டையில் இருக்கும் என் தம்பி யூனியன் ஆபீஸில் விசாரித்து விலாசம் வாங்கி வைத்திருந்தான். ஏழுமலை போன வருடம் இறந்துவிட்டார். டில்லிபாபுவின் மனைவி மல்லிகா வள்ளூரில் இருந்தாள்.

காலை பத்து மணிக்கு ஆட்டோவில் போய் இறங்கினேன். அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகளுக்கு இந்தப் பக்கம் ஒரு வரிசை வீடுகள். வாசலில் காயப்போட்ட துணியெல்லாம் சாம்பல் படிந்து ஒரே நிறமாக இருந்தது. மல்லிகாவுக்கு முப்பத்தைந்து இருக்கும். நான் இன்னார் என்று சொன்னதும் அவள் ஆச்சரியப்படவில்லை.

“வசந்தி சிஸ்டரா நீ? உன் கையெழுத்த பாத்துக்கீறேன். உள்ள வாக்கா.”

டீ போட்டாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், அன்று நடந்ததை வரிசையாகச் சொன்னேன். டாக்டர் கேட்டது, ஏழுமலை சொன்னது, நாங்கள் சிரித்தது எல்லாம். முடித்த பிறகு, நான் எதிர்பார்க்காத ஒன்றை அவள் சொன்னாள்.

“அந்தக் காயிதந்தான்க்கா கேஸ்ல ஜெயிச்சுது.”

“எந்தக் காயிதம்?”

“நீ எழுதனது.”

உடலை எடுத்த பிறகு கம்பெனி, அவன் எங்கள் ஆளே இல்லை என்று சொல்லிவிட்டதாம். இரண்டாம் நாள் ராத்திரி பழைய இரும்பு திருடச் சுவர் ஏறிக் குதித்துத் தொட்டியில் விழுந்துவிட்டான் என்று எழுதிக் கொடுத்தார்களாம். அவனை வேலைக்குக் கூட்டிப்போன கான்ட்ராக்டர் ஓடிவிட்டான். ஏழுமலை கோர்ட்டில் வந்து சாட்சி சொன்னார். புத்தி பேதலித்த நேரத்தில் கண்டதை நம்ப முடியாது என்று எதிர்க்கட்சி வக்கீல், என் பூஜ்யத்தையே காட்டி அவரை உட்காரவைத்துவிட்டார்.

“எங்க வக்கீலு அதே காயிதத்த வாங்கி ஜட்ஜுக்குக் காட்டனாரு. மொத நாளு சாயங்காலம் ஏழு பத்துக்கே டில்லி தொட்டிக்குள்ள கீறான்னு எழுதிக்கீது. அப்போ ரெண்டா நாளு ராத்திரி எப்டி சார் செவுரு ஏறுவான்னு கேட்டாரு. அது ஊருப் பேருன்னாங்க அவங்க. ஊருப் பேருக்கு இங்கிலீசுல நடுவுல ஒரு எழுத்து வருமாமே. நீ எழுதனதுல அது இல்ல, ஆளு பேரு மாதிரி கீதுன்னு காட்டனாரு.”

பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து பெஞ்சில் இருந்த டில்லிபாபு தன் நோட்டில் எழுதுகிற மாதிரியே, எச் இல்லாமல், இரண்டு எல் போட்டு எழுதியிருக்கிறேன். டில்லி ஊரை நான் ஒரு நாளும் அப்படி எழுதியதில்லை. சிரித்துக்கொண்டிருந்த எனக்குத் தெரியாதது என் கைக்குத் தெரிந்திருக்கிறது.

“அவரு அங்க வேலைக்குப் போன ஆளுதான்னு தீர்ப்பு சொன்னாங்க. திருடன் பொண்டாட்டின்ற பேரு போச்சு. கம்பெனி கேன்டீன்ல வேலையும் குடுத்தாங்க எனக்கு” என்றாள். டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தாள். “கேன்டீன்ல ஒரு அண்ணன் சொன்னாரு. ரெண்டு நாளும் குழாய்ல டொக்கு டொக்குனு சத்தம் வந்துகினே இருந்துச்சாம். பம்பு ரிப்பேருன்னு நெனச்சாங்களாம்.”

நான் மன்னிப்புக் கேட்டேன். அதற்கென்று ஆங்கிலத்தில் எட்டு வருடமாகத் தினமும் சொல்கிற வார்த்தைகள் எல்லாம் வாயில் வந்து, தமிழில் ஒன்றும் சரியாக வரவில்லை.

அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“நீ நம்பலக்கா. அதனாலதான் எழுதன. நம்பியிருந்தா எழுதிக்கினு நின்னிருக்க மாட்ட, ஓடியிருப்ப. அவரு வூட்டுக்கு வந்திருப்பாரு. காயிதம் இருந்திருக்காது.”

எழுந்து போய் பீரோவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தாள். உள்ளே என் குறிப்பின் நகல். மடித்த இடமெல்லாம் வெளுத்திருந்தது. அதைத் தரையில் விரித்து வைத்தாள்.

“இதுல அவரு பேரு எங்க கீதுன்னு காட்டு. வக்கீலு ஒரு தாட்டி காட்டனாரு. எனக்கு இங்கிலீசு தெரியாது, மறந்துபோச்சு.”

அந்த வார்த்தையின் மேல் விரலை வைத்தேன். அவள் என் விரலை நகர்த்திவிட்டுத் தன் விரலை வைத்துப் பார்த்தாள். அவள் விரல் அதை முழுதாக மூடிவிட்டது.

“இம்மாங்கூண்டா கீது” என்றாள்.